எஸ்எம்பிஎஸ் மாற்றிய பிறகு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் இயங்கவில்லை. கோப்புகளை மீட்க முடியுமா?

அச்சுக்கோவை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பதினொரு ஆண்டுகளாகப் புத்தகப் பக்க வடிவமைப்புத் தொழிலில் இருக்கிறேன். 2018இல் வாங்கிய மேசைக் கணினியில்தான் இன்றுவரை வேலை நடக்கிறது. விண்டோஸ் இருப்பது மதர்போர்டிலேயே செருகப்பட்ட எம்.2 எஸ்எஸ்டியில் (சுழலும் தகடு இல்லாத சிறு சேமிப்புப் பலகை). வேலைக் கோப்புகள் எல்லாம் 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. அவற்றுள் முக்கியமானவற்றின் நகலை அதே கேபினெட்டில் உள்ள 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தேன். இரண்டுமே மூன்றரை அங்குல டிஸ்க்குகள்.

சில மாதங்களாக, பெரிய படங்களைத் திறக்கும்போது கணினி தானாக அணைந்து மீண்டும் எழுந்துகொண்டிருந்தது. எஸ்எம்பிஎஸ் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) தளர்ந்துவிட்டது என்று கடைக்காரர் கூறியதால், பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு, அதே நிறுவனத்தின் 650 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி நானே பொருத்தினேன். இரண்டும் கேபிள்களைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகை. கேபிள்களை எல்லாம் முன்பு இருந்தபடியே இணைத்துவிட்டுச் சுவிட்சை அழுத்தியபோது, மின்விசிறி ஒரு கணம் அசைந்து நின்றுவிட்டது. மீண்டும் இரண்டு முறை அழுத்தியபோதும் அதுவே நடந்தது. மெல்லிய கருகல் வாடையும் வந்தது.

பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். 4 டிபி டிஸ்க்கைக் கழற்றியதும் கணினி இயல்பாக எழுந்துவிட்டது, விண்டோஸும் திறந்தது. ஆனால் 1 டிபி டிஸ்க் சுழலவே இல்லை, பயாஸிலும் (கணினி எழும்போது முதலில் இயங்கும் அமைப்புத் திரை) தெரியவில்லை. 4 டிபி டிஸ்க்கை என் மைத்துனரின் கணினியில் மாட்டினால் அந்தக் கணினியும் எழ மறுக்கிறது. இரண்டு டிஸ்க்குகளும் ஒரே நேரத்தில் எப்படிப் பழுதாகும் என்பது எனக்கு விளங்கவில்லை. அச்சுக்குப் போகவிருக்கும் மூன்று நூல்களின் இறுதிப் பக்கங்கள் அவற்றில்தான் உள்ளன. என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மேற்கு மாம்பலத்தான்:

ஐயா, எங்கள் பகுதியில் சென்ற மாதம் மின்னழுத்தம் திடீரென ஏறியதில் பக்கத்து வீட்டில் இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகளும் ஒரு கணினியும் போயின. உங்களுக்கும் அதுவே நடந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஸ்டெபிலைசரோ யுபிஎஸ்ஸோ இருந்ததா? கடைக்காரரிடம் எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பிக் கொடுத்து வேறு ஒன்றை வாங்கி முயன்று பாருங்கள்.

மின்கம்பி:

வேறு எஸ்எம்பிஎஸ் வாங்கி முயல வேண்டாம். அந்த 4 டிபி டிஸ்க்கை இனி எந்தக் கணினியிலும், எந்த யுஎஸ்பி பெட்டியிலும் மாட்ட வேண்டாம். முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்போம்.

வெளியிலிருந்து வரும் 230 வோல்ட் ஏறியிருந்தால் அடி முதலில் எஸ்எம்பிஎஸ்ஸின் முன்பகுதிக்குத்தான் விழுந்திருக்கும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸோ மதர்போர்டையும் எம்.2 எஸ்எஸ்டியையும் இப்போதும் நன்றாகவே நடத்துகிறது. எம்.2 எஸ்எஸ்டிக்கு மின்சாரம் 24 முனைக் கேபிள் வழியாக மதர்போர்டுக்கு வந்து அங்கிருந்து செல்கிறது. ஹார்ட் டிஸ்க்குகளுக்குத் தனியாக சாட்டா (டிஸ்க்குகளை இணைக்கும் முறை) மின்கேபிள் போகிறது. முன்னது பிழைத்து, பின்னதில் மாட்டியவை மட்டும் இறந்திருக்கின்றன என்றால் சந்தேகம் அந்தக் கேபிள் மீதுதான் போக வேண்டும்.

ஆகவே இரண்டு கேள்விகள். உங்கள் கேபினெட்டில் டிவிடி டிரைவ் இருந்தால், பொத்தானை அழுத்தும்போது அதன் தட்டு வெளியே வருகிறதா? அடுத்தது, "கேபிள்களை எல்லாம் முன்பு இருந்தபடியே இணைத்துவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்களே, சாட்டா மின்கேபிள் புதிய எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியில் வந்ததா, அல்லது பழையதா?

அச்சுக்கோவை:

டிவிடி டிரைவை நான் நினைத்தே பார்க்கவில்லை. இப்போது அழுத்திப் பார்த்தேன். தட்டு வரவில்லை, விளக்கும் எரியவில்லை. அதுவும் அதே கேபிளின் மூன்றாவது முனையில்தான் மாட்டப்பட்டிருக்கிறது.

சாட்டா மின்கேபிள் பழையதுதான். 24 முனைக் கேபிளையும் பிராசஸருக்கான கேபிளையும் புதிதாக மாட்டினேன். சாட்டா கேபிள் மட்டும் கேபினெட்டின் பின்புறத் தகட்டுக்குள் பிளாஸ்டிக் கட்டுகளால் இறுக்கப்பட்டிருந்ததால், அதைப் பிரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டு, அதன் மறுமுனையைப் புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினேன். அதே நிறுவனம், அதே ஆறு முனைச் செருகி. சிறிதும் முரண்டு பிடிக்காமல் "டிக்" என்ற ஓசையுடன் உட்கார்ந்தது. பொருந்தாத கேபிள் என்றால் உள்ளேயே போயிருக்காதே என்று இப்போதும் தோன்றுகிறது.

மின்கம்பி:

பொருந்துகிறதே என்ற அந்த நம்பிக்கையில்தான் இந்த விபத்து பல வீடுகளில் நடக்கிறது.

1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் நெறிமுறையும் அதன் பின்வந்த திருத்தங்களும், மதர்போர்டில் செருகும் முனை எப்படி இருக்க வேண்டும், எந்தத் துளையில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. சாட்டா மின்முனையின் 15 தொடுபுள்ளிகளும் அவ்வாறே வரையறுக்கப்பட்டவை: முதல் மூன்று 3.3 வோல்ட்டுக்கு உரியவை, ஏழு முதல் ஒன்பது வரை 5 வோல்ட், பதின்மூன்று முதல் பதினைந்து வரை 12 வோல்ட், இடையில் மின்சாரம் திரும்பிச் செல்லும் தரை இணைப்புகள். ஆனால் மாடுலர் கேபிளின் மறுமுனை, அதாவது எஸ்எம்பிஎஸ்ஸின் உடலில் செருகும் முனை, எந்த நெறிமுறைக்கும் உட்பட்டதல்ல. அந்த ஆறு துளைகளில் எதில் 12 வோல்ட்டை வைப்பது, எதில் 5 வோல்ட்டை வைப்பது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி முடிவு செய்கிறார்கள். பிளாஸ்டிக் உறை மட்டும் எல்லோருக்கும் ஒரே சந்தையிலிருந்து வருவதால் பெரும்பாலும் ஒன்று மற்றொன்றில் நுழைந்துவிடுகிறது.

நிறுவனப் பெயர் ஒன்றாக இருப்பதும் துணை நிற்காது. ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு வரிசைகளை இரண்டு வெவ்வேறு தொழிற்சாலைகள் செய்து கொடுத்திருக்கலாம். அதனால்தான் சில நிறுவனங்கள் எந்தக் கேபிள் எந்த வரிசைக்குப் பொருந்தும் என்று தனிப் பட்டியலே வெளியிடுகின்றன. முன்பு மஞ்சள் கம்பி என்றால் 12 வோல்ட், சிவப்பு என்றால் 5 வோல்ட் என்று நிறத்தைப் பார்த்தாவது சொல்ல முடிந்தது. இப்போது அழகுக்காக எல்லாக் கம்பிகளையும் கருப்பாக்கிவிட்டதால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

மல்டிமீட்டர் இருந்தால் மின்சாரமே இல்லாமல் இதைச் சோதித்துவிடலாம். பழைய சாட்டா கேபிளையும், புதிய பெட்டியில் வந்த சாட்டா கேபிளையும் முழுவதுமாகக் கழற்றி மேசைமேல் வையுங்கள். மீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில், அதாவது பீப் ஒலி வரும் நிலையில், வைத்துக்கொண்டு, ஆறு முனைச் செருகியின் ஒவ்வொரு துளையும் சாட்டா முனையின் எந்தத் தொடுபுள்ளிக்குப் போகிறது என்று இரண்டு கேபிள்களுக்கும் தனித்தனியே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கொக்கி மேல்பக்கம் இருக்குமாறு இரண்டையும் ஒரே திசையில் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

அச்சுக்கோவை:

செய்து பார்த்தேன். தாளில் எழுதியதை அப்படியே தருகிறேன். கொக்கியை மேலே வைத்துப் பார்க்கும்போது, புதிய கேபிளின் மேல்வரிசை முதல் துளை சாட்டா முனையின் 7, 8, 9ஆம் புள்ளிகளுக்குப் போகிறது. பழைய கேபிளின் அதே துளை 13, 14, 15ஆம் புள்ளிகளுக்குப் போகிறது. கீழ்வரிசையின் முதல் துளையில் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. மற்றவை இரண்டிலும் ஒன்றே.

அப்படியானால் 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 5 வோல்ட்டும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட்டும் போயிருக்கின்றன என்று புரிந்துகொள்கிறேன். ஒரு ஐயம்: புதிய எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியில் மிகை மின்னழுத்தப் பாதுகாப்பு இருப்பதாகப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அது ஏன் தடுக்கவில்லை?

மின்கம்பி:

சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அந்தப் பாதுகாப்பு பொய்யல்ல. 5 வோல்ட் வழி ஏறத்தாழ ஆறு, ஏழு வோல்ட்டைத் தொட்டால் எஸ்எம்பிஎஸ் தானே அணைந்துவிட வேண்டும் என்பது அதன் வேலை. ஆனால் அது தன் வீட்டுக்குள் இருக்கும் வழிகளை மட்டுமே அளந்து பார்க்கிறது. உள்ளே 12 வோல்ட் வழி சரியாக 12 வோல்ட்டாகவும், 5 வோல்ட் வழி சரியாக 5 வோல்ட்டாகவும்தான் இருந்தன. வாசலைத் தாண்டிய பிறகு கேபிள் அவற்றை இடம் மாற்றிக் கொடுத்தது அதன் கண்ணுக்குத் தெரியாது. மின்விசிறி அசைந்து நின்றதற்குக் காரணம் வேறு: டிஸ்க்குக்குள் ஏற்பட்ட ஷார்ட்டைக் கண்டு, குறுக்குச்சுற்றுப் பாதுகாப்பு அணைத்திருக்கிறது. அதற்குள் கணநேரம் 12 வோல்ட் உள்ளே போய்விட்டது, அதுவும் மூன்று முறை.

இனி டிஸ்க்கின் பக்கத்தை அதில் தொழில் செய்பவர்கள் சொல்வதே முறை.

தகடும் முள்ளும்:

நான் தரவு மீட்புத் தொழிலில் இருப்பவன். உங்கள் விவரிப்பைப் படித்ததும் 4 டிபி டிஸ்க்கைப் பற்றி எனக்கு நல்ல நம்பிக்கை ஏற்பட்டது. 1 டிபி டிஸ்க்கைப் பற்றி அவ்வளவு இல்லை. கணினியையே எழவிடாத டிஸ்க் பிழைக்கும், அமைதியாக இருக்கும் டிஸ்க்தான் தொல்லை என்று சொல்வது விந்தையாகத் தோன்றலாம். காரணம் இதுதான்.

மூன்றரை அங்குல டிஸ்க்கில் 12 வோல்ட் பெரும்பாலும் மோட்டாரைச் சுழற்றவும், 5 வோல்ட் மின்னணுச் சில்லுகளுக்கும் பயன்படுகின்றன. அடியில் திருகப்பட்டுள்ள பச்சை அல்லது நீலச் சுற்றுப்பலகையில், மின்முனைக்கு அருகிலேயே, இந்த இரண்டு வழிகளுக்கும் ஒவ்வொரு டிவிஎஸ் டயோடு வைத்திருப்பார்கள். இயல்பான நேரத்தில் அது இருப்பதே தெரியாது. 5 வோல்ட் வழியில் மின்னழுத்தம் ஏறத்தாழ ஆறரை வோல்ட்டைத் தாண்டினால், அது தன்னைத் திறந்து அத்தனை மின்னோட்டத்தையும் தரைக்குத் திருப்பிவிடும். கணநேர அதிர்ச்சி என்றால் தாங்கிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பும். உங்களுக்கு வந்ததோ எஸ்எம்பிஎஸ்ஸின் முழு வலிமையுடன் கூடிய 12 வோல்ட். அதைத் தாங்க முடியாமல் டயோடு நிரந்தரமாக ஷார்ட் ஆகிவிடும். அதன்பின் எந்தக் கணினியில் மாட்டினாலும் 5 வோல்ட் வழி நேராகத் தரையைத் தொடுவதால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸும் அணைந்துகொள்ளும். உங்கள் மைத்துனரின் கணினி எழ மறுத்ததற்குப் பொருள் இதுதான். டயோடு தன் உயிரைக் கொடுத்துப் பின்னால் இருந்த சில்லுகளைக் காத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

1 டிபி டிஸ்க்கில் டயோடு ஷார்ட் ஆகாமல், வெடித்துத் துண்டித்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் 12 வோல்ட் தடையின்றி உள்ளே சென்று, பெரும்பாலும் மோட்டாரை இயக்கும் சில்லைக் கருக்கியிருக்கும். நீங்கள் முகர்ந்த வாடை அதுவாக இருக்கலாம்.

கணினியில் மாட்டாமல் செய்யக்கூடிய சோதனை இருக்கிறது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, டிஸ்க்கின் மின்முனையில் 5 வோல்ட் புள்ளிக்கும் தரைக்கும் இடையிலும், பிறகு 12 வோல்ட் புள்ளிக்கும் தரைக்கும் இடையிலும் அளந்து பாருங்கள். டேட்டா கேபிள் செருகும் பக்கத்தில் இருப்பதே முதலாவது புள்ளி, அங்கிருந்து எண்ண வேண்டும். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டினால் அந்த வழியின் டயோடு ஷார்ட் ஆகியிருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு நட்சத்திரத் தலைத் திருகாணிகளைக் கழற்றி (பெரும்பாலும் டி6 அளவு, பழையவற்றில் டி8 இருக்கலாம்) பலகையைத் திருப்பிப் பாருங்கள். பலகையைக் கழற்றுவதில் ஆபத்து இல்லை. மேல்மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். படிக்கும் முள் தகட்டின் மேல் பறக்கும் உயரத்தோடு ஒப்பிட்டால் ஒரு தூசு மலைபோல.

அடையாறு ஆலமரம்:

இதற்கு இவ்வளவு சுற்றுவழி எதற்கு என்று தெரியவில்லை. இணையச் சந்தையில் அதே மாடல் டிஸ்க்கின் பலகை தனியாகவே கிடைக்கிறது. வாங்கி, ஆறு திருகாணிகளைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. நான் 2001 வாக்கில் ஒரு 20 ஜிபி டிஸ்க்கை இப்படித்தான் உயிர்ப்பித்தேன்.

தகடும் முள்ளும்:

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. அந்தக் காலத்து டிஸ்க்குகள் பலவற்றில் அது நடந்தது. இன்றைய டிஸ்க்குகளில் ஒவ்வொரு முள்ளும் தகடும் தொழிற்சாலையிலேயே தனித்தனியாக அளந்து பார்க்கப்பட்டு, அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டுமே உரிய திருத்த அளவுகள் பலகையில் உள்ள ரோம் நினைவகத்தில் எழுதப்படுகின்றன. பல மாடல்களில் அது எட்டுக் கால்கள் கொண்ட ஒரு சிறு சில்லு; சில மாடல்களில் முதன்மைச் சில்லுக்குள்ளேயே அடங்கியிருக்கும். வேறு டிஸ்க்கின் பலகையை மாட்டினால் அளவுகள் ஒத்துவராமல், மோட்டார் சுழன்றாலும் முள் தடுமாறிக் "கிளிக், கிளிக்" என்று அடித்துக்கொள்ளும். பழைய பலகையின் ரோம் சில்லைப் பெயர்த்துப் புதியதில் வைத்தால் மட்டுமே பயன் உண்டு. பலகையின் எண் ஒன்றாக இருப்பது முதல் படி மட்டுமே.

இந்த நண்பருக்கு அந்த வழி 1 டிபி டிஸ்க்குக்குத் தேவைப்படலாம். 4 டிபிக்குப் பெரும்பாலும் பலகையே வேண்டியதில்லை. ஒரு டயோடை எடுத்தாலே போதும்.

நெய்தல் நிலத்தான்:

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள வேண்டும். எனக்கும் எஸ்எம்பிஎஸ் மாற்றியதிலிருந்து ஒரு டிஸ்க் சுழலவில்லை. ஆனால் நான் புதிய பெட்டியில் வந்த கேபிளைத்தான் பயன்படுத்தினேன். கணினி இயல்பாக எழுகிறது, மற்ற டிஸ்க்குகள் வேலை செய்கின்றன. இது மட்டும் வெளிப்புற யுஎஸ்பி பெட்டி ஒன்றைப் பிரித்து எடுத்த 8 டிபி டிஸ்க். அந்தப் பெட்டியில் மீண்டும் வைத்தால் சுழல்கிறது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் மோலெக்ஸ் மாற்றி (பழைய நான்கு முனை மின்செருகியைச் சாட்டாவாக்கும் கேபிள்) வழியாக மாட்டியிருந்தேன். இதுவும் டயோடு பழுதா?

மின்கம்பி:

இல்லை, உங்கள் டிஸ்க் பழுதாகவே இல்லை. 2016இல் வந்த சாட்டா 3.3 நெறிமுறையில் மின்முனையின் மூன்றாவது புள்ளிக்குப் புதிய வேலை கொடுத்தார்கள்: அதில் 3.3 வோல்ட் இருக்கும் வரை டிஸ்க் அணைந்தே இருக்க வேண்டும். தரவு மையங்களில் சிக்கிக்கொண்ட டிஸ்க்கைத் தொலைவிலிருந்து அணைத்து எழுப்புவதற்கான ஏற்பாடு அது. பழைய முறையில் கம்பியிடப்பட்ட எஸ்எம்பிஎஸ் கேபிளோ அந்தப் புள்ளியில் எப்போதும் 3.3 வோல்ட்டைத் தந்துகொண்டே இருக்கும். டிஸ்க் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு உறங்குகிறது. மோலெக்ஸ் முனையில் 12 வோல்ட், 5 வோல்ட், தரை ஆகியவை மட்டுமே உண்டு என்பதால் முன்பு தொல்லை வரவில்லை.

டிஸ்க்கின் முதல் மூன்று புள்ளிகளையும் வெப்பம் தாங்கும் மெல்லிய காப்பு நாடாவால் மூடிவிடுங்கள், சுழலும். மோலெக்ஸ் மாற்றியை மீண்டும் பயன்படுத்துவதாக இருந்தால், கம்பிகளை பிளாஸ்டிக்கோடு உருக்கி வார்த்த மலிவு வகையைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றுள் கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கித் தீப்பற்றிய நிகழ்வுகள் பல உண்டு.

அச்சுக்கோவை:

நேற்று அளந்தேன். 4 டிபி டிஸ்க்கில் 5 வோல்ட் வழிக்கும் தரைக்கும் இடையே 0.4 ஓம், 12 வோல்ட் வழியில் ஷார்ட் இல்லை. 1 டிபி டிஸ்க்கில் இரண்டு வழிகளிலும் ஷார்ட் இல்லை, ஆனால் பலகையைத் திருப்பியதும் ஒரு சதுரச் சில்லின் நடுவில் கடுகளவு துளை தெரிந்தது. அதன் அருகில் ஒரு டயோடு இரண்டாகப் பிளந்திருந்தது. ஐயா சொன்னது கண்ணால் பார்த்ததைப் போலவே இருக்கிறது.

டயோடை நானே எடுக்கலாமா? என்னிடம் இருப்பது பழைய 25 வாட் பற்றவைப்புக் கோல் மட்டுமே.

தகடும் முள்ளும்:

கை நடுங்காதவர் என்றால் எடுக்கலாம். ஆனால் அதன் அருகில் அரிசி நொய்யைவிடச் சிறிய மின்தடைகள் இருக்கும். அவற்றுள் ஒன்றைப் பெயர்த்துவிட்டால் இன்னொரு தலைவலி. செல்பேசி பழுது பார்ப்பவர் யாராவது தெரிந்தவராக இருந்தால், அவரிடம் உருப்பெருக்கியும் சூடான காற்றுக் கருவியும் இருக்கும். அவருக்கு இது ஐந்து நிமிட வேலை. பலகையை மட்டும் கழற்றி எடுத்துச் செல்லுங்கள், டிஸ்க்கைக் கடையில் விட வேண்டாம். டயோடை எடுத்த பிறகு மீண்டும் அளந்து, ஷார்ட் நீங்கியதை உறுதிசெய்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். ஷார்ட் அப்படியே இருந்தால் பழுது இன்னும் உள்ளே போயிருக்கிறது என்று பொருள், அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலகையின் பின்புறத் தொடுதகடுகள் கறுத்திருந்தால் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள்.

டிஸ்க் சுழன்றால் மகிழ்ச்சியில் கோப்புகளைத் திறந்து பார்க்கத் தொடங்காதீர்கள். டயோடு இல்லாத டிஸ்க்குக்குக் கவசம் இல்லை. லினக்ஸ் யுஎஸ்பியிலிருந்து கணினியை எழுப்பி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு டிஸ்க்கையும் அதே அளவுள்ள அல்லது பெரிய புதிய டிஸ்க்குக்குத் துண்டு துண்டாக நகலெடுங்கள். எதுவரை எடுத்தது, எங்கே படிக்க முடியவில்லை என்பதை அது ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எந்த டிஸ்க்கிலிருந்து எதற்கு என்பதை மும்முறை சரிபாருங்கள். திசை மாறினால் டயோடு காத்துக்கொடுத்ததை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் வருபவர்களில் பலர் உங்களைப் போலவே "நகல் வைத்திருந்தேன்" என்றுதான் சொல்கிறார்கள். மூலமும் நகலும் ஒரே கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தால் அது நகல் அல்ல.

அச்சுக்கோவை:

கோபம் எதுவும் இல்லை, ஐயா. அந்த வரியைப் படித்துவிட்டு என் மனைவி சிரித்ததுதான் சற்று வருத்தம்.

நடந்ததைக் கூறுகிறேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்பேசி பழுது பார்க்கும் தம்பி ஒருவர், பலகையை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, சுற்றியிருந்தவற்றை நாடாவால் மூடிவிட்டு, நீங்கள் சொன்ன ஐந்து நிமிடத்துக்குள் டயோடை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அளந்தபோது 0.4 ஓம் இருந்த இடத்தில் கிலோ ஓம் கணக்கில் காட்டியது. வீட்டுக்கு வந்து, புதிய எஸ்எம்பிஎஸ்ஸின் சொந்தக் கேபிளில் அந்த டிஸ்க்கை மட்டும் மாட்டிச் சுவிட்சை அழுத்தினேன். ஏழு ஆண்டுகளாகக் காலையில் கேட்டுப் பழகிய சுழலும் ஓசை அப்படியே வந்தது.

டிடிரெஸ்க்யூ இரவு பத்து மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஏழரைக்கு முடித்தது. படிக்க முடியாத இடம் ஒன்றுகூட இல்லை. மூன்று நூல்களின் பக்கங்களும் திறக்கின்றன. ஒன்றை இன்று அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். புதிய டிஸ்க்கிலிருந்து இன்னொரு நகலை எடுத்து மைத்துனர் வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறேன். பழைய கேபிள்களை எல்லாம் பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்துக் கட்டிப் பரணில் போட்டாயிற்று.

மீதமிருப்பது 1 டிபி டிஸ்க். அதில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை 4 டிபியில் கிடைத்துவிட்டன. ஆனால் 2014, 2015ஆம் ஆண்டுகளில் செய்த சில நூல்களை இடம் போதாமல் 4 டிபியிலிருந்து நீக்கிவிட்டு இதில் மட்டும் வைத்திருந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அவசரம் இல்லை. அதற்கு வழி உண்டா?

தகடும் முள்ளும்:

மிகவும் மகிழ்ச்சி. 1 டிபி டிஸ்க்குக்கும் வழி இருக்கிறது, உறுதி மட்டும் சொல்ல முடியாது. மோட்டார் சில்லு கருகியதோடு நின்றிருந்தால், அதே எண்ணுள்ள மாற்றுப் பலகை ஒன்றில் உங்கள் ரோம் சில்லை மாற்றிவைத்து எழுப்பிவிடலாம். 12 வோல்ட் அதையும் தாண்டி, உள்ளே முள்ளின் கையில் இருக்கும் முன்பெருக்கிச் சில்லைத் தொட்டிருந்தால், தூசற்ற அறையில் முள் தொகுதியையே மாற்ற வேண்டும். அதன் செலவு வேறு கணக்கு. பலகையில் எட்டுக் கால் சில்லு ஒன்று இருக்கிறதா, அது கருகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பலகையில் அச்சிட்டுள்ள எண்ணையும் எழுதுங்கள். அதுவரை அதற்கு மின்சாரம் காட்ட வேண்டாம்.

அச்சுக்கோவை:

எட்டுக் கால் சில்லு இருக்கிறது. கருகல் எதுவும் இல்லை, மேலே உள்ள எழுத்துகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. பலகையின் இருபுறமும் படம் எடுத்துத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். மாற்றுப் பலகை கிடைத்தால் அதே தம்பியிடமே கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். டிவிடி டிரைவை அப்படியே விட்டுவிடுகிறேன். அதன் தட்டுக்குள் ஒரு வட்டு மாட்டிக்கொண்டிருக்கிறது, அது எதுவென்று யாருக்கும் நினைவில்லை.